பெட்ரோல் அங்கே, காற்று இங்கே

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போக வண்டியை வடக்கே திருப்ப வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்து வண்டிகள் முதலில் தெற்கே போகும். தெற்கே கூப்பிடு தூரத்தில் களியக்காவிளை. அது தமிழ்நாடு. அங்கே பெட்ரோல் விலை குறைவு. போய் டாங்கை நிரப்பிக்கொண்டு, அப்படியே சந்தையில் மீனும் வாங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பி, புறப்பட்ட வீட்டு வாசலையே தாண்டி வடக்கே போவார்கள். இதில் யாருக்கும் ஒரு விசித்திரமும் தெரியாது.

குன்னத்துகாலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மணப்பெண் பட்டுப்புடவையும் மாலையுமாக முற்றத்தில் நிற்கிறாள். மண்டபம் நெய்யாற்றின்கரையில். முகூர்த்தம் நெருங்குகிறது. பூ ஒட்டிய காரைக் காணவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒரு மாமி பதறிப்போய், "வண்டி எங்கே, வண்டி எங்கே?" என்று கேட்கிறாள். பெண்ணின் அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே, "அடிக்கப் போயிருக்கு, இப்பம் வந்திரும்" என்றார். என்ன அடிக்க, எங்கே போய் அடிக்க என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு ஒரே திசைதான்.

இந்தப் பழக்கத்தை நான் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எரிச்சல்பட எனக்கு முழு உரிமை உண்டு. அந்த வண்டிகளெல்லாம் தெற்கே போகும்போது ஒரு தடவையும் வடக்கே போகும்போது ஒரு தடவையும் கடந்து போன பெட்ரோல் பம்பு என்னுடையது. சரியாகச் சொன்னால், என்னுடையதாக இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கினால் முதலில் நம்ப மாட்டார்கள். பெட்ரோல் ஒன்றுதான், கம்பெனி ஒன்றுதான், கொண்டுவரும் லாரியின் நிறம் கூட ஒன்றுதான். மாநில விற்பனை வரி மட்டும் வேறு. கேரளத்தில் கூடுதல், தமிழ்நாட்டில் குறைவு. அதனால் எல்லைக்கு இந்தப் பக்கம் லிட்டருக்குச் சில ரூபாய் அதிகம். அந்தச் சில ரூபாய் என் கைக்கு வருகிறது என்று நினைத்தவர்களும் உண்டு. "சேச்சி, கொஞ்சம் கொறச்சுத் தந்தா நாங்க இங்கயே அடிப்போம்லா" என்று பேரம் பேசியிருக்கிறார்கள். வெண்டைக்காயா விற்கிறேன், கொசுறு போட! எனக்கு வருவது கம்பெனி தரும் கமிஷன் மட்டும்தான். வரி கூடினாலும் குறைந்தாலும் அது அசையாது. ஆள் வந்து அடித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஆள் வராமல் இல்லை. வந்தார்கள், காற்று அடிக்க. பம்பு என்று வைத்தால் டயருக்கு இலவசமாகக் காற்றுத் தர வேண்டும். களியக்காவிளை பம்புகளில் எப்போதும் கூட்டம். அங்கே காற்றுக்கு நின்றால் பின்னால் இருக்கிறவன் ஹாரனை அழுத்தியே கொன்றுவிடுவான். என் பம்பில் ஈ ஓட்டிக்கொண்டிருந்ததால் காற்றுக்கு ஏற்ற இடம். அங்கே பெட்ரோல், இங்கே காற்று என்று ஊரே ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருந்தது. கக்கூசும் சுத்தமாக இருக்கும் என்று ஒரு நற்பெயர் எனக்கு. தமிழ்நாட்டிலிருந்து லாட்டரி சீட்டு வாங்க வருகிறவர்கள் கூட என் கக்கூசைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

என்னோடு கடைசிவரை வேலைக்கு நின்றவள் ஒருத்திதான். ஒற்றசேகரமங்கலத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருவாள். காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டு, பெட்ரோல் குழாய் நாசிலைக் கையில் எடுத்தால், "ஜீரோ பாருங்க" என்று ஒரு குரல் கொடுப்பாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும். மீட்டர் பூஜ்யத்தில் இருப்பதை வண்டிக்காரன் பார்த்துத் தலையாட்டினால்தான் அடிப்பாள். காற்றுக்கு வருகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இதுக்கும் ஒரு ஜீரோ காட்டட்டா அக்கா?" என்று என்னிடம் கேட்பாள்.

எங்கள் வீட்டில் தலைமுறையாகச் சர்க்கார் உத்தியோகம். அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. பெரியப்பா ரெவென்யூ. அண்ணன் விற்பனை வரித் துறை. பேனாவைக் கீழே வைத்தால் குலம் கெட்டுவிடும் என்பதுபோல இருப்பார்கள். பரீட்சை எழுதி எழுதி வேலை கிடைக்காமல் போனவள் நான் ஒருத்திதான். பாகம் பிரித்தபோது அண்ணனுக்கு வீடு, எனக்கு ரோட்டோரத்துத் தென்னந்தோப்பு. அதில் என் கணவர் பம்பு போட்டார். அவர் போன பிறகு, "பெண்ணாப்பொறந்தவ பம்புல நிக்கதா?" என்று உறவில் எல்லோரும் கேட்டார்கள். நின்றேன். லாரிக்காரனோடு சண்டை போடவும், டாங்கில் அளவுகோல் விட்டு எண்ணெய் பார்க்கவும், நடு ரோட்டில் நின்று டிரைவரை அதட்டவும் கற்றுக்கொண்டேன். வீட்டில் எல்லோருக்கும் உத்தியோகப் பெயர் இருந்தது. எனக்குப் பம்புக்காரச் சேச்சி என்று ஒரு பெயர் கிடைத்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பம்பு கையை விட்டுப் போனால் நான் மறுபடியும் பரீட்சையில் தோற்ற பெண்தான் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அமரவிளை செக்போஸ்டில் வெகுகாலம் வேலை பார்த்தவர். லாரிகளை மறித்து வரி வாங்குகிற வேலை. நாடு முழுக்க ஒரே வரி என்று புது வரி வந்து செக்போஸ்டுகளை எடுத்தபோது, சொந்த வீட்டை இடித்ததுபோல ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்தார். பிறகு ஓய்வு பெற்றார். உத்தியோகம் போனாலும் வரி அவரை விடவில்லை. மளிகைக் கடையில் பில் தராவிட்டால் பையைத் திருப்பி வைத்துவிட்டு வந்துவிடுவார். அண்ணியின் பாடு திண்டாட்டம்.

எங்கள் ஊரில் காரை எடுத்துக்கொண்டு தெற்கே போகாத ஒரே ஆள் அவர்தான். பழைய வெள்ளைக் கார். வாரம் தவறாமல் என் பம்புக்கு வந்து நிற்கும். இறங்க மாட்டார். கண்ணாடியைப் பாதி இறக்குவார். "புல் டாங்க்" என்பார். மீட்டரைப் பார்ப்பார். பில் வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். வந்ததற்கு ஒரு சர்பத் குடியுங்கள் என்றால், "நான் இங்க விருந்துக்கு வரல்ல. அரசாங்கத்துக்குச் சேர வேண்டியது அரசாங்கத்துக்குச் சேரட்டும்னு வாறேன்" என்பார். ஒரு நாளாவது, என் தங்கச்சி பம்பு, அதனால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாரா? மூச்! அந்தக் காரும் அப்படி ஒன்றும் ஓடுவதில்லை. கோவில், வாயனசாலை, ஆஸ்பத்திரி, வேறெங்கே போகிறார்? "உங்க அண்ணன் பெட்ரோலைக் குடிக்காராக்கும்" என்று காக்கிச் சட்டைக்காரி சொல்லிச் சிரிப்பாள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சுற்றுகிறார் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

கடைசி இரண்டு மூன்று வருடங்களில் நிலைமை மிகவும் மோசமாகிவிட்டது. வரியோடு செஸ் என்று இன்னொன்றும் சேர்ந்தது. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் விலை வித்தியாசம் இன்னும் கூடியது. குன்னத்துகால் ஆட்டோக்காரர்கள் சிலர் அதுவரை முகத்துக்காகவாவது கொஞ்சம் இங்கே அடிப்பார்கள். அதுவும் நின்றது. வரப்போகிற பட்ஜெட்டில் மாநில அரசு வரியைக் குறைத்தால் பம்பு நிற்கும், இல்லாவிட்டால் கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது என்று நான் முடிவுக்கு வந்திருந்தேன். இதை வியாபாரிகள் சங்கத் தலைவரிடம் சொன்னேன். அவர் பாத்திரக் கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷர், எதற்கும் கூட்டம் போடுகிறவர்.

"விடாதீங்கோ சேச்சி. முதல்ல வாயனசாலையில ஒரு சம்வாதம் வைப்போம். எல்லாருடைய அபிப்பிராயமும் வரட்டு. அது கழிஞ்சு ஒரு வாகன ஊர்வலம். சர்க்கார் நடுங்கணும்" என்றார்.

வாயனசாலை என்று நாங்கள் சொல்வது ஊர் நூலகத்தை. மாடியில் ஒரு சின்ன மண்டபம் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒரு விஷயம் முற்றிவிட்டால் அங்கே வைத்து விவாதிப்போம், டீயும் பருப்புவடையும் தின்றுவிட்டு அப்படியே கலைவோம். மலையாளத்தில் தொடங்கிக் கோபம் வந்தால் தமிழுக்கு மாறுவார்கள். சிலருக்கு நேர்மாறு. அன்று தலைப்பு, எரிபொருளுக்கு மாநில விற்பனை வரியைக் குறைக்க வேண்டுமா என்பது. வேண்டும் என்று பேச நான். வேண்டாம் என்று பேச ஆள் கிடைக்காமல் தலைவர் தெருத்தெருவாக அலைந்தார். கடைசியில் வந்து, ரொம்பத் தயங்கி, "சேச்சியுடைய அண்ணன் சம்மதிச்சிட்டாரு" என்றார்.

நான் நன்றாகவே பேசினேன். இதில் எனக்குத் தன்னடக்கம் கிடையாது. இங்கே வரி அதிகம் என்று ஜனம் அங்கே போகிறது. அங்கே அடிக்கிற ஒவ்வொரு லிட்டருக்கும் நம் மாநிலத்துக்குக் கிடைக்கிற வரி சைபர். கொஞ்சம் குறைத்தால் ஜனம் இங்கேயே அடிக்கும், குறைந்த வரியாவது வரும். முழுதாக இழப்பது புத்திசாலித்தனமா, பாதியாவது வாங்குவது புத்திசாலித்தனமா என்று கேட்டேன். கைதட்டல் ஓயவே இல்லை. வடை பரிமாற வந்தவர் கூடத் தட்டை வைத்துவிட்டுத் தட்டினார்.

அண்ணன் எழுந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஆபீசில் அப்படித்தான் போலிருக்கிறது.

"புது வரி வந்த பெறவு மாநிலத்துக் கையில சொந்தமா மிஞ்சியிருக்கது பெட்ரோலும் சாராயமும்தான். மத்ததெல்லாம் டெல்லி போய்த் திரும்பி வாறது. இதுலயும் கை வச்சா, ஆஸ்பத்திரியில மருந்து எங்கேருந்து வரும்? வயசான ஆள்களுக்கு மாசாமாசம் வீட்டுல கொண்டு குடுக்க பென்ஷன் எங்கேருந்து வரும்? இஞ்ச இருக்கவங்கள்ல எத்தனை பேரு வீட்டுல அந்தப் பென்ஷன் வாங்குத ஆள் உண்டு? கையைத் தூக்குங்க பாப்போம்."

யாரும் தூக்கவில்லை. ஆனால் எல்லோரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள்.

"தங்கச்சி சொன்னது பாறசாலைக்குச் சரி" என்று தொடர்ந்தார். "மாநிலம் பாறசாலையோட முடிஞ்சிருதா? வடக்க காசர்கோடு வரைக்கும் நீண்டு கிடக்கு. நடுவுல கோட்டயத்துல இருக்கவன் பெட்ரோலுக்கு எங்க ஓடுவான்? அவன் குடுக்க வரியையும் சேத்துல்லா விட்டுக்குடுக்கச் சொல்லுதா. பார்டர்ல ஒரு பம்புக்காக மாநிலம் முழுக்க வரியைக் கொறைக்க முடியுமா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. முறை தவறி எழுந்துவிட்டேன். "அப்பம் பார்டர்ல இருக்கவ சாகட்டுமாண்ணே?" என்று தமிழில் கத்தினேன்.

"சாகச் சொல்லல்ல" என்றார், குரலை உயர்த்தாமல். "வேற தொழில் பாருன்னு சொல்லுதேன்."

கூடப்பிறந்தவர், ஊர் முன்னால், நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று தெரிந்தே அதைத் தட்டிவிட்டார். உட்கார்ந்துவிட்டேன். பிறகு தலைவர் கைதூக்கச் சொன்னார். வரியைக் குறைக்க வேண்டும் என்று மண்டபமே தூக்கியது. வேண்டாம் என்பதற்கு அண்ணனும், அவரோடு ஓய்வு பெற்ற ஒரு சாரும். நான் ஜெயித்தேன். வடையைத் தொடாமல் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை வெள்ளைக் கார் வந்து நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது. "புல் டாங்க்." நான் ஆபீஸ் அறையை விட்டு வெளியே வரவில்லை. இரண்டு நாள் முன்னால்தான் நிரப்பியிருந்தார். காக்கிச் சட்டைக்காரி அடித்துவிட்டு வந்து, "நாலு சொட்டுதான் புடிச்சு அக்கா" என்றாள். பில்லை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

ஊர்வலத்துக்கு ஏற்பாடு மும்முரமாக நடந்தது. என் பம்பிலிருந்து புறப்பட்டு நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீஸ் வரை. நலிந்துபோன பம்பிலிருந்து தொடங்கினால் பத்திரிகைக்காரர்களுக்குப் படம் நன்றாக இருக்கும் என்றார் தலைவர். நலிந்துபோன என்ற வார்த்தையை என் முகத்துக்கு நேராகவே சொன்னார். சரி என்றேன். பைக்கும் ஆட்டோவும் ஜீப்புமாக நிறைய வரும், புறப்படுவதற்கு முன் எல்லோரும் இங்கே எண்ணெய் அடிப்பார்கள் என்று நான் நினைத்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகத்தான் நினைத்தேன். பின்னே, எனக்காக ஊர்வலம் போகிறவர்கள் வேறெங்கே அடிப்பார்கள்? கம்பெனிக்கு முன்பணம் கட்டி ஒரு லோடு அதிகமாக இறக்கினேன். வாசலில் குலைவாழை கட்டினேன். காக்கிச் சட்டைக்காரிக்குத் துணையாக நானே ஒரு நாசிலைப் பிடிக்கலாம் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன்.

முதல் பைக் வந்தது. பிறகு இரண்டு ஆட்டோ. பிறகு வரிசையாக. கொடி கட்டியிருந்தார்கள், ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்கள், பார்க்க ரொம்ப அழகாக இருந்தது. எங்களிருவரில் முதலில் கவனித்தது அவள்தான். முழங்கையால் என்னை இடித்தாள்.

"அக்கா, எல்லா வண்டியும் தெக்கேருந்துல்லா வருது?"

பார்த்தேன். குன்னத்துகால்காரர்கள் கிழக்கேயிருந்து வர வேண்டியவர்கள். உதியன்குளங்கரைக்காரர்கள் வடக்கேயிருந்து. ஒருத்தன் பாக்கியில்லாமல் எல்லோரும் தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். சிலர் பைக்கின் கைப்பிடியில் மீன் பை கூடத் தொங்கியது.

தலைவர் தன் பைக்கை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, டாங்கைக் கையால் தட்டினார். முகமெல்லாம் சந்தோஷம். "புல் டாங்கு சேச்சி! நெய்யாற்றின்கரை என்ன, தலைமைச் செயலகம் வரைக்கும் வேணும்னாலும் போவோம்."

"எங்க அடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"பதிவுபோல" என்றார். வழக்கம்போல என்று அர்த்தம். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். குலைவாழையைப் பார்த்தார். என் செருகிய சேலையைப் பார்த்தார். காக்கிச் சட்டைக்காரியின் கையிலிருந்த நாசிலைப் பார்த்தார். பிறகு, "காத்து மட்டும் ஒண்ணு பாக்கணும் சேச்சி, பின் டயர்ல" என்றார்.

ஐயோ, அவரை என்ன சொல்வது! அந்த மனுஷரிடம் கள்ளம் இல்லை. என்னைக் கேலி செய்யவும் இல்லை. தூர வழி போகிறோம் என்றால் முதலில் தெற்கே போய் அடிக்க வேண்டும், அது கை கால் கழுவுவது மாதிரி, யோசித்துச் செய்வதில்லை. பிறகு காற்றுக்கு ஒரு வரிசை நின்றது. அவ்வளவு நீளமான வரிசையை என் பம்பு திறந்த நாளிலிருந்து பார்த்ததில்லை.

அந்த நெரிசலுக்கு நடுவே ஒரு கார் ஹாரன் அடித்தது. வெள்ளைக் கார். யாரோ ஒருவன் மறித்துக்கொண்டு, "என்ன சாரே, தங்கச்சிக்க சமர ஊர்வலத்தை மொடக்க வந்தேளா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணன் கண்ணாடியைப் பாதி இறக்கினார். "பெட்ரோல் அடிக்க வந்தேன். இது பம்பு தானே?"

வழிவிட்டார்கள். காக்கிச் சட்டைக்காரி ஊர் முழுக்கக் கேட்கும்படி, "ஜீரோ பாருங்க சார்!" என்று கத்தினாள். வரியைக் குறைக்கச் சொல்லி நடந்த ஊர்வலத்தின் காலையில் என் பம்பில் விற்றது, வரியைக் குறைக்கக் கூடாது என்றவருக்கு அடித்த அந்தப் பெட்ரோல்தான். பில்லை மடித்து வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் போய்விட்டார். நான் முன் ஜீப்பில் ஏறி, நெய்யாற்றின்கரை வரை தொண்டை கிழியக் கோஷம் போட்டேன். ஒப்புக்கொண்ட காரியம், செய்துதானே ஆக வேண்டும்?

பட்ஜெட் அன்று நானும் அவளும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து போனில் பார்த்தோம். நீளமான பேச்சு. என்னென்னவோ வந்தது. பெட்ரோல் வரவில்லை. முடிந்ததும் அவள் போனை அணைத்துவிட்டு, "டீ போடட்டா அக்கா?" என்றாள். போடு என்றேன்.

கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தேன். அவர்கள் வந்து இயந்திரங்களைக் கழற்றச் சில மாதம் ஆனது. கழற்றிய அன்று ஊரே வந்து நின்றது. தலைவருக்குக் கண் கலங்கியிருந்தது, நிஜமாகவே. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இது இல்லாண்டு இந்த ரோடை நினைக்கவே முடியல்ல சேச்சி" என்றார். பிறகு, பெருமூச்சு விட்டு, "இனி நாங்க காத்துக்கு எங்க போவோம்?" என்றார். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று வருத்தமாகத் தலையாட்டினார்கள். அவர்களைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. அண்ணன் அன்று வரவில்லை. முந்தின நாளே வந்து, புல் டாங்க் என்று சொல்லி, பில் வாங்கிக்கொண்டு போயிருந்தார். வேற தொழில் பாரு என்று சொன்னவருக்கு இப்போது திருப்திதானே என்று நான் நினைத்துக்கொண்டேன். பிறகு அவர் வீட்டுக்கு நான் அதிகம் போகவில்லை.

வேறு தொழில் ஒன்றும் பார்க்கவில்லை. ஒரு டயர்க் கடைக்காரருக்கு இடத்தை வாடகைக்கு விட்டேன். காற்று அங்கேயே கிடைக்கிறது, அதனால் ஊருக்கு ஒரு குறையும் இல்லை. காக்கிச் சட்டைக்காரிக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், களியக்காவிளையில் ஒரு பம்பில் வேலை கிடைத்தது. என்னைப் பம்புக்காரச் சேச்சி என்று கூப்பிடுவதைப் பழக்கத்தில் யாரும் விடவில்லை. கேட்கும்போதெல்லாம் சுருக்கென்றிருக்கும், ஆனாலும் திருத்தவில்லை.

என் ஸ்கூட்டருக்கு உதியன்குளங்கரையில்தான் அடித்து வந்தேன். தெற்கே போவதில்லை என்று ஒரு வீம்பு. ஆனால் ஒரு நாள் சந்தைக்கு மீன் வாங்கப் போனவள், திரும்பும்போது முள் சிவப்பில் வந்து நின்றதைப் பார்த்தேன். உருட்டிக்கொண்டு எல்லையைத் தாண்ட எனக்கு வயசில்லை. தூ, போ என்று என்னையே திட்டிக்கொண்டு பம்பில் திருப்பினேன். அவள் வேலை பார்க்கிற பம்பு. நல்ல கூட்டம். வரிசையில் நின்ற பிறகுதான் எனக்கு முன்னால் நின்ற காரைப் பார்த்தேன். பழைய வெள்ளைக் கார்.

ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டுவிட்டு இறங்கிப் போனேன். கண்ணாடியைத் தட்டினேன். பாதி இறங்கியது.

"இஞ்ச என்ன செய்யுதீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தார். செக்போஸ்டில் எத்தனையோ லாரிக்காரர்கள் அவரைப் பார்த்து இப்படித்தான் விழித்திருப்பார்கள். "பெட்ரோல் அடிக்க வந்தேன்" என்றார்.

"நெய்யாற்றின்கரையில பம்பு கிடக்கு. உதியன்குளங்கரையில கிடக்கு. அரசாங்கத்துக்குச் சேர வேண்டியது?"

"லிட்டருக்கு இவ்வளவு கொறையும்போ அங்க போய் அடிக்க எனக்கு என்ன கிறுக்கா?"

"அப்பம் மண்டபத்துல பேசினது?"

"அது இப்பவும் சரிதான். வரியைக் கொறைக்கப்பிடாது. நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்."

"பின்ன இத்தனை வருசமா அங்க வந்து அடிச்சது?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் வரிசை நகர்ந்துவிட்டது, பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"இத்தனை வருசம் என் தங்கச்சிக்கு அங்க ஒரு பம்பு இருந்துது, மக்கா" என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அதை அன்றைக்கே வாயைத் திறந்து ஒரு தடவை சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று நடுப் பம்பில் நின்று கத்தினேன். சர்பத்தைக் கூடக் குடிக்காமல் போனீர்களே, ஊர் முன்னால் என்னை வேற தொழில் பாரு என்றீர்களே என்று என்னென்னவோ கேட்டேன். மலையாளமும் தமிழும் கலந்து வந்தது. அவர் காரை வரிசையில் முன்னால் நகர்த்தினார். பெட்ரோல் அடித்து முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பில் வாங்கவில்லை. காக்கிச் சட்டைக்காரி நீட்டிய பில் அவள் கையிலேயே இருந்தது.

என் முறை வந்தது. அவள் ஸ்கூட்டர் மூடியைத் திறந்து, நாசிலை வைத்து, பழைய குரலில் "ஜீரோ பாருங்க அக்கா" என்றாள். மீட்டரைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் எனக்கு ஒரு எண்ணும் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.